கருப்பட்டியும் சீனித்துளசியும் அதிமதுரமும் உடலுக்குள் எங்கே அறுபடுகின்றன?

18 ஜனவரி 2025, காலை | வாசகர், பாபநாசம் வட்டம்

பொங்கலுக்கு வீரமாங்குடியிலிருந்து அச்சுவெல்லம் வாங்கி வந்தோம். அப்பாவிற்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். வெள்ளைச் சீனிதான் கெடுதல், வெல்லமும் கருப்பட்டியும் இயற்கையானவை, ஆகவே உடல் அவற்றை வேறு விதமாக ஏற்றுக்கொள்ளும் என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். தம்பி மனைவி சீனித்துளசி, அதாவது ஸ்டீவியா, பொடி வாங்கி வைத்திருக்கிறாள். அதுவும் செடியிலிருந்துதானே வருகிறது, அது மட்டும் எப்படி உசத்தி என்பது அப்பாவின் கேள்வி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஐயா. மூன்றும் உடலுக்குள் ஒரே வழியில்தான் போகின்றனவா?

18 ஜனவரி 2025, இரவு

மன்னார்குடியில் மருந்துக்கடை நடத்துகிறேன். உங்கள் அப்பாவின் கேள்வியைத் தை பிறந்தால் யாராவது ஒருவர் கடைக்கு வந்து கேட்காமல் இருப்பதில்லை. அச்சுவெல்லமும் கருப்பட்டியும் வெள்ளைச் சீனியும் ஒரே வழியில் போகின்றன. சீனித்துளசி வேறு வழியில் போகிறது. ஒரு பொருள் செடியிலிருந்து நேராக வந்ததா, ஆலையில் வெளுத்து வந்ததா என்பதைக் குடல் பார்ப்பதில்லை. அதன் மூலக்கூறு குடலில் எந்த இடத்தில், எதனால் அறுக்கப்படுகிறது, அறுபட்ட பின் என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்தே எல்லாம் அமைகிறது.

கரும்புச்சாற்றிலும் பதநீரிலும் உள்ள இனிப்பின் பெரும்பகுதி சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் பிணைந்த மூலக்கூறு அது. அந்த முழு வடிவில் அது குடற்சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர முடியாது. சிறுகுடலின் உட்சுவரில் பதிந்திருக்கும் சுக்ரேஸ் என்ற நொதி அந்தப் பிணைப்பை அறுத்த பிறகுதான் இரண்டும் தனித்தனி வாயில்கள் வழியாக உள்ளே செல்கின்றன. குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்து ஒரு கடத்திப் புரதத்தின் வழியே போகிறது. ஃப்ரக்டோஸுக்கு வேறொரு கடத்தி இருக்கிறது. அதன்பின் இரண்டும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைகின்றன.

வெல்லம் காய்ச்சுபவர்கள் இந்த அறுபடுதலைக் கொப்பரையிலேயே பார்த்திருப்பார்கள். வெட்டிய கரும்பை உடனே ஆட்டாமல் வெயிலில் போட்டு வைத்தால், அதன் சாறு எவ்வளவு காய்ச்சினாலும் பாகு சரியாக இறுகாது. அச்சில் ஊற்றிய வெல்லம் பிசுபிசுப்பாக நிற்கும். கரும்பு காய்ந்து கிடக்கும்போதே அதிலுள்ள அமிலமும் நொதிகளும் சுக்ரோஸை அறுக்கத் தொடங்கிவிடுகின்றன. அறுபட்ட குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் எளிதில் படிகமாவதில்லை, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கின்றன. கொப்பரையில் நடந்தால் வெல்லக்காரருக்கு நட்டமாக முடியும் இந்த வினை, வெல்லமானாலும் சீனியானாலும் நம் சிறுகுடலில் ஒவ்வொரு முறையும் நடந்தே ஆக வேண்டும்.

19 ஜனவரி 2025, காலை

நேற்று "பெரும்பகுதி" என்று பொதுவாக எழுதினேன். அளவோடு சொல்வதானால், கரும்பு வெல்லத்தில் ஏறத்தாழ 65 முதல் 85 விழுக்காடு வரை சுக்ரோஸ் உண்டு. ஏற்கெனவே அறுபட்ட குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்து 10 முதல் 15 விழுக்காடு இருக்கும். மீதி ஈரமும் தாதுக்களும், நிறத்தையும் மணத்தையும் தரும் பொருள்களும். 100 கிராம் வெல்லம் சுமார் 380 கலோரி தருகிறது. சீனி தருவது ஏறத்தாழ 400. இந்தச் சிறு வேறுபாட்டிற்கும் பெரும்பாலும் வெல்லத்திலுள்ள ஈரமே காரணம்.

இரும்புச்சத்து, பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இருப்பது உண்மை. வெள்ளைச் சீனியில் அவை இல்லை என்றே சொல்லலாம். அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தாதுக்கள் சுக்ரேஸின் வேலையைத் தடுப்பதில்லை, குளுக்கோஸ் இரத்தத்தில் சேர்வதையும் குறைப்பதில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே சுமையாகவும் ஆகலாம். ஒரு குவளைக் காப்பிக்குப் போடும் 10 கிராம் கருப்பட்டியிலிருந்து கிடைக்கும் இரும்பை ஒரு பிடி முருங்கைக்கீரையிலிருந்தே பெற்றுக்கொள்ளலாம். அதோடு இனிப்பும் வராது.

20 ஜனவரி 2025, இரவு

இனி சீனித்துளசி. பெயரில் துளசி இருந்தாலும் இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, பராகுவே நாட்டது. அங்கே குவரானி மக்கள் பல நூற்றாண்டுகளாக இலையை மென்றும் பானத்தில் இட்டும் வந்திருக்கிறார்கள். தாவரவியலாளர் பெர்டோனி 1899இல் இதை விவரித்து எழுதினார். 1931இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் இதன் இனிப்புப் பொருளான ஸ்டீவியோசைடைப் பிரித்தெடுத்தார்கள். சீனியைப்போல் 200 முதல் 300 மடங்கு வரை இனிக்கும் இந்த வகைப் பொருள்களுக்கு ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் என்று பெயர். நடுவில் ஸ்டீவியால் என்ற கரு இருக்கிறது. அதைச் சுற்றிப் பல குளுக்கோஸ் அலகுகள் பிணைந்திருக்கின்றன.

பிணைந்திருப்பது குளுக்கோஸ் என்றால் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையாகச் சேராதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மிகச் சரியான கேள்வி. நம் உமிழ்நீரிலோ இரைப்பையிலோ சிறுகுடலிலோ அந்தப் பிணைப்பை அறுக்கக்கூடிய நொதி இல்லை. சுக்ரேஸ் அதைத் தொடுவதில்லை. முழு மூலக்கூறு பெரியது ஆதலால் அப்படியே உறிஞ்சப்படுவதும் மிகச் சொற்பம். ஆகவே காலையில் நாக்கில் இனித்த பொருள் சிறுகுடல் முழுவதையும் அறுபடாமல் கடந்து பெருங்குடலுக்கு வருகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள், குறிப்பாக பாக்டீராய்டஸ் வகையினர், குளுக்கோஸ் அலகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தாங்களே உண்டுவிடுகிறார்கள். மிஞ்சுவது ஸ்டீவியால் மட்டுமே. அது பெருங்குடலிலிருந்து உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதனோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து நீரில் கரையக்கூடியதாக மாற்றுகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. மனிதர்களிடம் செய்த அளவீடுகளில், இந்த ஸ்டீவியால் குளுக்குரோனைடு இரத்தத்தில் உச்சத்தை அடைய 8 முதல் 12 மணி நேரம் ஆகிறது. விடியற்காலைக் காப்பியில் கரைத்தது மாலை விளக்கு வைக்கும் நேரத்தில்தான் இரத்தத்தில் உச்சத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது சர்க்கரையாகத் தென்படுவதில்லை.

20 ஜனவரி 2025, நள்ளிரவு

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. ஆன்டிபயாட்டிக் மாத்திரை உட்கொண்டு குடல் பாக்டீரியாக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சீனித்துளசி என்ன ஆகும் என்று கும்பகோணத்திலிருந்து ஒரு மாணவி கேட்டார். குடலில் நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் அது மாறாமல் மலத்தோடு வெளியேறுகிறது. அறுப்பதற்கு ஆள் இல்லையென்றால் ஸ்டீவியாலும் உண்டாவதில்லை. ஆகவே மாத்திரை நாட்களில் உறிஞ்சப்படும் அளவு குறையுமே தவிர அதிகமாகாது.

எலிகளைப் பற்றிப் பேசும்போது இன்னொரு வேறுபாட்டையும் குறித்துவைக்கிறேன். எலிகள் ஸ்டீவியால் குளுக்குரோனைடைப் பித்தநீர் வழியாகவும், மனிதர்கள் முதன்மையாகச் சிறுநீர் வழியாகவும் வெளியேற்றுகிறார்கள். 1985இல் ஸ்டீவியால் பாக்டீரியச் சோதனையில் மரபணு மாற்றத்தைத் தூண்டுகிறது என்று ஓர் ஆய்வு வந்தபோது எழுந்த அச்சம் பல ஆண்டுகள் நீடித்தது. பின்னர் உயிருள்ள விலங்குகளில் செய்த சோதனைகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. 2008இல் உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் வரை என்று வரம்பு வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 240 மில்லிகிராம். ரெபாடியோசைடு ஏ என்ற வகையில் மூன்றில் ஒரு பங்கே ஸ்டீவியால் ஆதலால், அந்த வரம்பு சுமார் 140 கிராம் சீனியின் இனிப்புக்குச் சமமாகிறது. காப்பி, தேநீர் குடிப்பவர் யாரும் அந்த அளவை எட்டுவது கடினம். ஆனால் இந்த வரம்பு சுத்திகரித்த பொருளுக்கு வகுக்கப்பட்டது. வீட்டுத் தொட்டியில் வளர்த்த இலையை உலர்த்தி இடித்த பொடியில் இன்னும் பல பொருள்கள் இருக்கின்றன, அளவும் இலைக்கு இலை மாறும். அதைத் தினமும் கரண்டி கரண்டியாகப் போடுவதற்கு இந்த எண்ணைச் சான்றாகக் காட்டக் கூடாது.

23 ஜனவரி 2025

பாபநாசத்து நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "அப்பா தேன் கலந்து குடித்துவிட்டு வீட்டுக் கருவியில் பார்த்தார், சீனி போட்ட நாளைவிடக் குறைவாகக் காட்டியது, தேன் நல்லது என்று இப்போது சொல்கிறார்."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி குளுக்கோஸை மட்டுமே அளக்கிறது. ஃப்ரக்டோஸ் அதன் கண்ணுக்குத் தெரியாது. தேனில் சுமார் 38 விழுக்காடு ஃப்ரக்டோஸ், 31 விழுக்காடு குளுக்கோஸ், 17 விழுக்காடு நீர். தேனீ தன் நொதியால் சுக்ரோஸை முன்பே அறுத்து வைத்திருக்கிறது. ஒரு கரண்டி தேனில் ஒரு கரண்டி சீனியைவிடக் குளுக்கோஸ் குறைவாக இருக்குமானால் கருவியும் குறைத்தே காட்டும். கருவி குறைத்துக் காட்டியது உண்மை, ஆனால் அந்த ஃப்ரக்டோஸ் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும்.

அது கல்லீரலுக்குப் போயிற்று. குளுக்கோஸை உடைக்கும் பாதையில், உடலுக்கு ஆற்றல் போதுமானபோது ஓட்டத்தைக் குறைக்கும் ஒரு நொதி இருக்கிறது. நம் வாய்க்காலுக்கு மதகு எப்படியோ அப்படி. ஃப்ரக்டோஸ் அந்த மதகுக்குக் கீழே போய்ச் சேர்கிறது. ஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதி அதை வேகமாகப் பிடித்துப் பாஸ்பேட் சேர்க்கிறது, அதற்குப் பின் தடுத்து நிறுத்துவது என்று எதுவும் இல்லை. தேவைக்கு மேல் வந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு உயர்கிறது. பாஸ்பேட் சேர்க்கும் வேகத்தில் ஆற்றல் மூலக்கூறுகள் செலவாகி யூரிக் அமிலமும் கூடுகிறது. குறைந்த அளவு ஃப்ரக்டோஸைச் சிறுகுடலே குளுக்கோஸாக மாற்றிக் கல்லீரலைக் காக்கிறது என்று 2018இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அளவு மிகுந்தால்தான் அது கல்லீரல்வரை வழிந்தோடுகிறது. ஆகவே பழத்தோடு, நாரோடு, மெதுவாகச் சேரும் ஃப்ரக்டோஸுக்கும் டம்ளர் டம்ளராகக் குடிக்கும் தேன்நீருக்கும் வேறுபாடு உண்டு.

இன்னொன்று: வீட்டுக் கருவிக்கான பன்னாட்டுத் தர அளவுகோலே, 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவீடுகளில் 15 விழுக்காடு வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. உண்மையில் 200 இருந்தால் 170 என்றோ 230 என்றோ காட்டினாலும் கருவி பழுதில்லை. என் தாயாருக்குக் கருப்பட்டிக் காப்பியும் சீனிக் காப்பியும் மாற்றி மாற்றிக் கொடுத்து நானும் பார்த்திருக்கிறேன். இந்த ஏற்ற இறக்கத்திற்கு வெளியே எந்த வேறுபாடும் என் கண்ணில் படவில்லை. அதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் ஒருவரிடம் பார்த்ததை வைத்து ஒரு பொருளை நல்லதென்றோ கெட்டதென்றோ முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

24 ஜனவரி 2025

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், பதநீரில் சுண்ணாம்பு சேர்ப்பதால் கருப்பட்டியின் சர்க்கரை மாறிவிடாதா என்று கேட்கிறார். மாறாமல் காப்பதற்காகத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள், ஐயா. தடவாவிட்டால் ஈஸ்ட் சுக்ரோஸை அறுத்து நொதிக்கச் செய்து கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு அந்த அறுபடுதலைத் தடுத்துச் சுக்ரோஸைச் சுக்ரோஸாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகி நிற்கிறது. நம் வயிற்றுக்குள் போனதும் சுண்ணாம்பின் காவல் முடிந்துவிடும்.

பேராவூரணியிலிருந்து வந்த கேள்விக்கும் இங்கேயே பதில். 2017இல் தமிழக அரசு நீரா, அதாவது தென்னம்பாளையின் புளிக்காத சாறு, இறக்க அனுமதி கொடுத்ததிலிருந்து தென்னஞ்சர்க்கரை பற்றிய பேச்சு நம் பகுதியில் பெருகியிருக்கிறது. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் கிளைசெமிக் குறியீடு அதற்கு 35 என்று விளம்பரங்களில் காட்டுவது பிலிப்பைன்ஸில் எடுத்த ஓர் அளவீடு. சிட்னி பல்கலைக்கழக அளவீட்டில் 54 வந்தது. சீனிக்கு ஏறத்தாழ 65. இரண்டு எண்களில் எதை எடுத்தாலும் தென்னஞ்சர்க்கரையின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். தென்னை விவசாயிக்கு அது நல்ல விலை தந்தால் மகிழ்ச்சி. அதைச் சர்க்கரை நோயாளிக்கான உணவு என்று சொல்லி விற்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

27 ஜனவரி 2025

தம்பி மனைவி வாங்கிய பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முன்பக்கம் பச்சை இலைப் படம் இருக்கிறது. பின்பக்கத்தில் சேர்பொருள் வரிசையில் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின். வரிசை எடைப்படி இறங்கு முகமாக அச்சிடப்படுகிறது. ஆகவே அந்தப் பொடியின் எடையில் பெரும்பங்கு சீனித்துளசி இல்லை. 200 மடங்கு இனிக்கும் பொருளைத் தனியாகக் கரண்டியில் எடுக்க முடியாது என்பதால் நிரப்பியாக ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். என்ன சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தைத் துண்டாக்கிய குளுக்கோஸ் சங்கிலி. சிறுகுடலில் அது வெகு வேகமாக அறுபட்டுக் குளுக்கோஸாகிறது. ஒரு கிராம் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டால் பெரிய கேடு இல்லை; ஆனால் பாயசம் முழுவதையும் இனிக்க வைக்கும் அளவுக்குக் கொட்டினால் கணக்கில் சேரும். மாத்திரை வடிவத்தில் சிலவற்றில் லாக்டோஸ் இருக்கும்.

எரித்ரிட்டால் சேர்த்த பொடிகளும் கிடைக்கின்றன. எரித்ரிட்டால் மூன்றாவது ஒரு வழியைக் காட்டுகிறது. அது மிகச் சிறிய மூலக்கூறு ஆதலால் சுமார் 90 விழுக்காடு சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது. ஆனால் உடலில் அதை உடைக்கும் நொதி இல்லாமையால் மாறாத வடிவில் சிறுநீரோடு போய்விடுகிறது. உறிஞ்சப்பட்டும் எரிக்கப்படாத இனிப்பு அது. 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக வெளியிட்டார்கள். நம் உடலே குளுக்கோஸிலிருந்து சிறிதளவு எரித்ரிட்டாலை உண்டாக்குகிறது. எனவே இரத்தத்தில் இருந்தது உண்டதா, உடல் செய்ததா என்று அந்த ஆய்வின் முதற்பகுதியில் பிரிக்க முடியவில்லை. இருந்தாலும் இதய நோய் உள்ளவர் அதைத் தினமும் பெரிய அளவில் உட்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

2 பிப்ரவரி 2025

"சீனித்துளசி பெருங்குடலில்தான் அறுபடுகிறது, ஆகவே பயமில்லை என்றால், அதே போல் இனிக்கும் அதிமதுரமும் அப்படித்தானே? அம்மா தினமும் தேநீரில் போட்டுக் குடிக்கிறார்" என்று திருவாரூரிலிருந்து கேள்வி வந்திருக்கிறது. இந்தக் கேள்வியைப் படித்தவுடன் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

வழி ஒன்றுதான், முடிவு வேறு. அதிமதுரத்தின் கிளிசிரைசின் சீனியைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு இனிக்கும். இதுவும் பெரும்பாலும் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வருகிறது. இங்கேயும் பாக்டீரியாக்கள்தான் சர்க்கரைப் பகுதியைக் கழற்றுகின்றன. மிஞ்சும் கருவான கிளிசிரெட்டினிக் அமிலம் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்கிறது. இதுவரை ஸ்டீவியாலின் கதையே. ஆனால் ஸ்டீவியாலைக் கல்லீரல் கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. இந்த அமிலமோ பித்தநீரில் இறங்கி, குடலில் மீண்டும் உறிஞ்சப்பட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்படிச் சுற்றும்போது சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கிறது.

அந்த நொதியின் வேலை கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றுவது. உப்பைத் தேக்கிவைக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனுக்குச் சிறுநீரகத்தில் ஓர் ஏற்பி இருக்கிறது. கார்ட்டிசாலும் அதே ஏற்பியில் பொருந்தக்கூடியது. இரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனைவிட அது பன்மடங்கு அதிகம். நொதி காவல் நிற்பதால்தான் கார்ட்டிசால் அங்கே நெருங்க முடியவில்லை. அதிமதுரம் அந்தக் காவலை விலக்கிவிட்டால், சோடியமும் நீரும் தேங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசை தளர்கிறது, இதயத் துடிப்பு தவறவும் கூடும். 1946இல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த நோயாளிகளுக்கு வீக்கம் வந்ததைக் கவனித்து எழுதினார்.

கிளிசிரைசினை நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து எடுக்க வேண்டாம் என்பது ஐரோப்பிய வல்லுநர் குழுவின் அறிவுரை. வேரில் 4 விழுக்காடு இருப்பதாகக் கொண்டால் 2.5 கிராம் பொடியிலேயே அந்த அளவு வந்துவிடுகிறது. ஒரு சிறு கரண்டி. இருமலுக்கு இரண்டு மூன்று நாள் வாயில் அடக்கிக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை. சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லி, நாள் குறித்துக் கொடுப்பதையும் பேசவில்லை. இனிப்புக்குப் பதிலாக நாள்தோறும் தேநீரில் போடுவதைப் பற்றிப் பேசுகிறேன். இரத்த அழுத்த மாத்திரை, முக்கியமாகத் தண்ணீர் மாத்திரை என்று நாம் சொல்லும் வகை, எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் இரண்டு பக்கமும் இழப்பாகும். கால் தளர்ந்து, மாத்திரை கூட்டிக்கொடுத்தும் அழுத்தம் இறங்காமல் என் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பாட்டியிடம், அவருடைய மருத்துவர் பொறுமையாகக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் கண்டுபிடித்தது வீட்டில் அரைத்த மூலிகைத் தேநீர்ப் பொடியிலிருந்த அதிமதுரத்தைத்தான். நிறுத்திய பின்பும் சில வாரங்கள் கழித்தே பழைய நிலை திரும்பியது.

திருவாரூர் அம்மாவிற்கு அழுத்தம் பார்த்தீர்களா என்று எழுதுங்கள்.

3 பிப்ரவரி 2025

சின்ன வயதில் வேலியில் படர்ந்த குண்டுமணி இலையை மென்று இனிப்பு பார்த்ததை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். எங்கள் தெருவிலும் மென்றோம். இலை இனிப்பது உண்மை. ஆனால் அந்தக் கொடியின் சிவப்பு விதையிலுள்ள அப்ரின் கொடிய நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பேரப்பிள்ளைகளுக்கு அந்த இலையைக் காட்டிக் கொடுக்க வேண்டாம். இலைக்குப் போகும் கை விதைக்கும் போகும்.

9 பிப்ரவரி 2025

இத்தனை நாள் எழுதியதைத் திரும்பப் படித்தபோது, சீனித்துளசி பக்கம் என் எழுத்து சாய்ந்திருப்பதாகப் பட்டது. அதன் வளர்சிதைமாற்றம் சர்க்கரையை ஏற்றுவதில்லை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதனாலேயே அது ஒருவரை நலமாக்கும் என்று ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையில்லா இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. சீனித்துளசியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் அப்பாவிற்கு அது தடையில்லை. உடம்பு இளைக்கட்டும் என்று வீட்டில் மற்றவர்களும் சேர்ந்து போட்டுக் குடிப்பதில் பயன் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

சர்க்கரைப் பொங்கலையே சீனித்துளசியில் செய்துவிட்டால் அப்பா வேண்டிய மட்டும் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். 50 கிராம் பச்சரிசியும் 30 கிராம் வெல்லமும் ஒரு கிண்ணத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெல்லத்தை எடுத்துவிட்டாலும் அரிசியிலிருந்து ஏறத்தாழ 39 கிராம் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. குழைய வெந்த பச்சரிசியின் மாவுச்சத்து முழுவதும் குளுக்கோஸாகத்தான் அறுபடும், வேகமாகவும் அறுபடும். பாகு வாசனையும் போய், குளுக்கோஸும் பாதிக்கு மேல் மிஞ்சிய பொங்கல் அது. உண்மையான அச்சுவெல்லத்தில் செய்து, உணவு முடிந்த பின் இரண்டு கரண்டி மட்டும் கொடுங்கள் என்றே நான் சொல்வேன். டெல்டாவில் பிறந்தவருக்குத் தை முதல் நாளில் அந்த இரண்டு கரண்டியை மறுப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

16 பிப்ரவரி 2025

இன்று அப்பாவின் மருந்துச் சீட்டை அனுப்பினீர்கள். இதைப் பார்த்த பின் ஒன்றை எழுதாமல் இந்த உரையாடலை விட முடியாது.

அவர் எடுப்பது மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை. அதில் கிளிமிபிரைடு இருக்கிறது. சாப்பாடு தாமதமானால் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக் கூடியது. கூடவே வோக்லிபோஸ் இருக்கிறது. வோக்லிபோஸ் செய்யும் வேலையே முதல் நாள் நான் எழுதிய சுக்ரேஸையும் அதன் உறவு நொதிகளையும் சிறுகுடலில் தடுத்துவைப்பதுதான். சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை திடீரென்று ஏறாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் வயலில் நிற்கும்போது அவருக்கு வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு, சர்க்கரை 70க்குக் கீழே போய்விட்டது என்று வையுங்கள். நம் ஊர் வழக்கப்படி மடியில் இருக்கும் அச்சுவெல்லத்தையோ கருப்பட்டியையோ ஒரு வாய் சீனியையோ கொடுப்போம். அவற்றை அறுக்க வேண்டிய நொதியை மாத்திரை தடுத்து வைத்திருப்பதால் குளுக்கோஸ் இரத்தத்தில் சேரத் தாமதமாகும். சீனித்துளசி போட்ட தேநீரைக் கொடுத்தாலோ ஒன்றுமே ஏறாது, இனிக்கும், அவ்வளவுதான்.

அந்த நேரத்திற்கு வேண்டியது அறுக்கத் தேவையில்லாத சர்க்கரை, அதாவது நேரடிக் குளுக்கோஸ். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியில் 15 கிராமைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துக் கருவியில் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு கொடுங்கள். ஏறிய பின் சோறோ இட்லியோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், 108ஐ அழையுங்கள். பொடியைச் சின்னப் பொட்டலங்களாக மடித்து, ஒன்றை அவர் சட்டைப் பையிலும் ஒன்றை மோட்டார் கொட்டகையிலும் வையுங்கள், ஈரம் படாமல்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சர்க்கரை இப்படித் தாழ்ந்துபோனது எப்போதாவது உண்டா என்பதை அப்பாவையே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அறுவடை நாட்களில் சாப்பாடு தள்ளிப்போகிறது என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள், மாத்திரையின் அளவை மாற்றுவது மருத்துவர் கையில் இருக்கிறது.